ஏற்றத்தில் ரயில் நின்றுவிட்டால்: மாதிரி ரயில் பாதையின் சரிவுக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

"அண்ணா, எஞ்சினையே மாத்திட்டேன். புதுசு, நல்ல கனம். அப்பவும் அதே இடத்துல வந்துதான் நிக்குது."

ஈரோட்டு நண்பர் ஒருவர் போனில் சொன்னது இது. நேரில் போய்ப் பார்த்தேன். திட்டத்தாளில் 2.5 சதவீதம் என்று எழுதியிருந்த ஏற்றம், எஞ்சின் நிற்கும் அந்த ஒன்றரை அடியில் மட்டும் 4 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதுவும் வளைவுக்குள். எஞ்சின் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு தாங்கு கட்டைகளின் உயரத்தைச் சரிசெய்ததும், அவர் ஒதுக்கிவைத்திருந்த பழைய எஞ்சினே ஏறிவிட்டது.

என் லேஅவுட்டிலும் (மேசைமேல் அமைத்த மாதிரி ரயில் பாதை) நண்பர்களின் லேஅவுட்களிலும் இதே வேலையைப் பலமுறை செய்திருக்கிறேன். தாளில் போட்ட சரிவு வேறு, மேசையில் வந்த சரிவு வேறு. இது பிடிபடாமல்தான் பலர் பணத்தை எஞ்சினில் போடுகிறார்கள். அதனால் கோளாறு எதுவாக இருந்தாலும் முதலில் சரிவை அளந்துவிடுங்கள். பிறகு உங்கள் ரயில் காட்டும் அறிகுறிக்குரிய தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பணமும் உழைப்பும் கேட்பது கடைசியில்.

இங்குள்ள அளவுகள் எச்ஓ அளவுக்கானவை, அதாவது 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இதைவிடச் சிறிய 'என்' (N) அளவு வைத்திருப்பவர்கள் சோதிக்கும் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மி.மீ. கணக்குகளை எடுக்க வேண்டாம்.

## எல்லாவற்றுக்கும் முன்: உண்மையான சரிவை அளப்பது

தேவையானவை: ஒரு மீட்டர் அலுமினியச் சட்டம், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், 300 மி.மீ. எஃகு அளவுகோல், சாக்பீஸ்.

சட்டத்தைத் தண்டவாளத்தின் மேல் நீளவாக்கில் வையுங்கள். அதன் மேல் ரசமட்டம். தாழ்ந்த முனையை மெல்லத் தூக்கி, குமிழ் நடுவில் நின்றதும் அந்த முனைக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து பத்தால் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். 20 மி.மீ. என்றால் 2 சதவீதம், 35 மி.மீ. என்றால் மூன்றரை.

இதோடு நிறுத்தினால் ஈரோட்டில் நடந்ததுதான் நடக்கும். ஒரு மீட்டர் சட்டம் சராசரியைத்தான் சொல்லும். இடையில் ஒரு சாண் தூரம் செங்குத்தாக இருந்தால் அது தெரியாது. அதனால் 300 மி.மீ. அளவுகோலை வைத்து, ஏற்றம் முழுவதையும் சாண் சாணாக ஒருமுறை அளந்துவிடுங்கள். இதில் 3 மி.மீ. இடைவெளிக்கு 1 சதவீதம். எல்லாவற்றிலும் மோசமான இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். உங்கள் ரயிலைப் பொறுத்தவரை அந்த இடத்தின் எண்தான் உங்கள் லேஅவுட்டின் சரிவு.

வளைவுக்குத் தனியாகக் கூட்ட வேண்டும். வளைவில் சக்கர விளிம்புகள் உரசுவதும் ஒரு ஏற்றம்போலவே எஞ்சினை இழுக்கும். எச்ஓவில் புழங்கும் கணக்கு: 813ஐ வளைவின் ஆரத்தால் (மி.மீ.யில்) வகுங்கள். 457 மி.மீ. ஆரத்துக்கு ஏறக்குறைய 1.8 வரும், 600 மி.மீ. ஆரத்துக்கு 1.35. அப்படியானால் 457 மி.மீ. வளைவில் 2 சதவீதம் ஏற்றம் வைத்திருப்பவரின் எஞ்சின் இழுப்பது 3.8 சதவீதம். வட்ட மேசையில் சுற்றி ஏறும் சிறிய லேஅவுட்கள் திணறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இன்னொன்று. மேசையே மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டைமாடி அறைகளில் தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சரித்தே போட்டிருப்பார்கள். மூன்று மீட்டர் நீள மேசையில் ஒரு கால் 15 மி.மீ. தாழ்ந்திருந்தால் அரை சதவீதம் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடும். "வலப்பக்கம் சுற்றினால் ஏறுகிறது, இடப்பக்கம் சுற்றினால் ஏறவில்லை" என்பவர்கள் முதலில் மேசைக் காலுக்கு அடியில் அட்டை வைத்துப் பார்க்கலாம்.

## அறிகுறி 1: சக்கரம் சுழல்கிறது, ரயில் நகரவில்லை

மோட்டாருக்குப் பலம் இருக்கிறது, பிடிமானம்தான் இல்லை. இந்த வரிசையில் பாருங்கள்.

தண்டவாளத்தில் எண்ணெய். எஞ்சினுக்கு எண்ணெய் விட்ட மறுநாள் இந்தக் கோளாறு வந்தால் சந்தேகமே வேண்டாம். வெள்ளைத் துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்து ஏற்றம் முழுவதும் துடையுங்கள். துணி கறுப்பாக வருவது நின்ற பிறகு எஞ்சின் சக்கரங்களையும் துடையுங்கள். தண்டவாளத்தை மட்டும் துடைத்துவிட்டுச் சக்கரத்தை விட்டால் இரண்டு சுற்றில் பழையபடி ஆகிவிடும்.

ரப்பர் வளையம். சில எஞ்சின்களில் ஒன்றிரண்டு சக்கரங்களில் பிடிமானத்துக்காக மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். நம் ஊர் வெயிலில் அது இறுகிப் பளபளப்பாகிவிடும், அல்லது தளர்ந்து கழன்றுவிடும். எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்து நகத்தால் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் மாற்ற வேண்டியதுதான். எஞ்சின் வாங்கும்போதே உதிரி வளையங்களையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது, பின்னால் அதே அளவு கிடைப்பது சிரமம்.

இழுபடும் பெட்டி. நான் மிகுதியாகக் கண்டது இது. ஒரு மீட்டர் பலகையில் தண்டவாளத் துண்டு ஒன்றை ஒட்டி, ஒரு முனையின் கீழ் 20 மி.மீ. கட்டை வையுங்கள். 2 சதவீதச் சரிவு தயார். ஒவ்வொரு பெட்டியாக மேலே வைத்துக் கையை எடுங்கள். தானாக உருண்டு வருவது நல்ல பெட்டி. நின்றுவிடுகிற பெட்டியைத் தனியே எடுத்து வையுங்கள். அச்சு முனையில் தூசி, தலைமுடி, சக்கர விளிம்பில் உறைந்த அழுக்கு, கோணலாகப் பொருந்திய அச்சு, சக்கரத்தில் உரசும் கப்ளிங் (பெட்டிகளைக் கோக்கும் கொக்கி) ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். உள்ளே விளக்கு எரியும் பயணிகள் பெட்டிகளைத் தனிக் கவனத்தோடு பாருங்கள். மின்சாரம் எடுக்கும் பித்தளைத் தகடு சக்கரத்தை அழுத்திக்கொண்டே இருப்பதால், அப்படி ஒரு பெட்டி சாதாரணப் பெட்டிகள் இரண்டு மூன்றின் சுமையைக் கொடுத்துவிடும். தகட்டை இலேசாகத் தளர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

ஒரு நண்பர் பன்னிரண்டு பெட்டி ரயில் ஏறவில்லை என்று கூப்பிட்டார். பலகைச் சோதனையில் மூன்று பெட்டிகள் அசையவே இல்லை. அந்த மூன்றின் அச்சுகளைத் துடைத்துப் போட்டதும் பன்னிரண்டும் ஏறின. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

பெட்டியின் எடை. சமையலறைத் தராசு போதும். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ பரிந்துரைக்கும் எடை, எச்ஓவில் ஏறக்குறைய 28 கிராமோடு ஒவ்வொரு 25 மி.மீ. நீளத்துக்கும் 14 கிராம். 150 மி.மீ. பெட்டிக்கு 112 கிராம் வரும். தடம் புரளக் கூடாது என்று ஈயக்குண்டுகளை அள்ளிப்போட்டு 180 கிராமாக்கிய பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். சமதளத்தில் அது தெரியாது, ஏற்றத்தில் தெரியும்.

எஞ்சினின் எடை. எல்லாச் சக்கரங்களையும் மோட்டார் ஓட்டும் எஞ்சின், தன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு விசையோடு இழுக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 500 கிராம் எஞ்சினுக்கு 100 கிராம் இழுவை. பெட்டிகள் பலகைச் சோதனையில் மட்டுமட்டாகத் தேறி, ஆளுக்கு 112 கிராம் இருந்தால், அது இழுக்கக்கூடியவை:

- சமதளத்தில் 44 பெட்டிகள்
- 2 சதவீதத்தில் 20
- 3 சதவீதத்தில் 15
- 4 சதவீதத்தில் 12 கூட முழுதாக வராது

முதல் 2 சதவீதமே ரயிலின் நீளத்தைச் சரிபாதிக்கும் குறைவாக்கிவிடுகிறது. வளைவுக்குக் கூட்டிய எண்ணையும் சேர்த்து இந்தப் பட்டியலில் உங்கள் ரயில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பட்டியலே முடியாது என்று சொல்லும் ரயிலுக்காக எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை.

எஞ்சினுக்குள் இடமிருந்தால் ஈயத் தகடு சேர்க்கலாம். எடை முன்னும் பின்னும் சமமாக விழ வேண்டும். சேர்த்த பிறகு ஒரு சோதனை கட்டாயம்: ஓடும் எஞ்சினைக் கையால் பிடித்து நிறுத்துங்கள். சக்கரம் வழுக்கிச் சுழல வேண்டும். வழுக்காமல் மோட்டாரே நின்று முனகினால் எடை அதிகம், உடனே குறையுங்கள். அப்படியே ஓட்டினால் மோட்டார் கருகும்.

இரண்டாவது எஞ்சின். பெரிய ரயில்வேக்களும் இதைத்தான் செய்கின்றன. கர்ஜத்திலிருந்து லோனாவ்ளாவுக்கு ஏறும் போர்காட் பாதையின் சரிவு 37க்கு 1, அதாவது 2.7 சதவீதம். அங்கே ஏறும் பெரும்பாலான ரயில்களுக்குக் கர்ஜத்தில் பின்னாலிருந்து உந்தும் எஞ்சின்களைச் சேர்க்கிறார்கள். மாதிரியில் முன்னால் இரண்டைப் பூட்டுவது எளிது. பின்னால் வைத்தால் பார்க்க அழகு, ஆனால் இரண்டின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். டிசிசியில் (ஒவ்வொரு எஞ்சினுக்கும் தண்டவாளம் வழியே தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) வேக அமைப்பை மாற்றி ஒத்துப்போகச் செய்யலாம். தண்டவாளத்தின் வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் சாதாரண டிசியில் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் இரண்டு இருந்தால் மட்டும் முயலுங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் சரிவையே குறைக்க வேண்டும். கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி 2: சக்கரம் வழுக்கவில்லை, எஞ்சினே தளர்ந்து நின்றுவிடுகிறது

முதலில் பெட்டிகளைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் ஏற்றுங்கள்.

எஞ்சின் தனியாக நன்றாக ஏறுகிறது, பெட்டியோடு தளர்கிறது. மின்சாரம் போய்ச் சேரவில்லை. சுமை கூடும்போது மோட்டார் அதிகம் கேட்கிறது, தண்டவாளத்தால் கொடுக்க முடியவில்லை. வண்டி இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்றை எடுத்து இரண்டு ஒயர் பற்றவைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தின் உச்சியில் இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே அதை எரியவிட்டு, பல்பு எரியும்போதே அங்கே மல்டிமீட்டரில் வோல்ட் பாருங்கள். பிறகு கண்ட்ரோலரிலிருந்து ஒயர் வந்து சேரும் இடத்திலும் அதே போலப் பாருங்கள். டிசிசியில் மீட்டரை ஏசியில் வையுங்கள். எண் துல்லியமாக இராது, ஒப்பிடப் போதும். இரண்டுக்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ வோல்ட் விழுகிறது. பல்பு நன்றாகச் சுடும், பிளாஸ்டிக் மேல் வைத்துவிடாதீர்கள்.

பல்பு இல்லாமல் அளந்தால் எல்லா இடத்திலும் ஒரே வோல்ட்தான் காட்டும், அதை நம்பி "கரண்ட் சரியாகத்தான் இருக்கு" என்று முடிவு கட்டிவிடுவோம். நானும் அப்படி ஒரு மாலை முழுவதையும் வேறு இடத்தில் தேடியிருக்கிறேன்.

வோல்ட் விழுவது பெரும்பாலும் தண்டவாளங்களை இணைக்கும் ஜாயினரில். இரண்டு வருடம் போனால் அது தளரும், உள்ளே களிம்பு பிடிக்கும். ஏற்றத்தில் ஒவ்வொரு இரண்டு மீட்டருக்கும் ஒரு ஜோடி ஒயரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் பற்றவைத்து, மேசைக்கு அடியில் ஓடும் 1.5 சதுர மி.மீ. ஒயரோடு சேர்த்துவிடுங்கள். நிரந்தரத் தீர்வு அதுதான். ஜாயினரைக் குறடால் நசுக்கி இறுக்குவது ஒரு மாதம் தாங்கும்.

எஞ்சின் தனியாகவே தளர்கிறது, சமதளத்திலும் சுணக்கம்தான். எஞ்சினைத் திறக்க வேண்டும். பல்சக்கரத்தில் சிக்கிய நூல் அல்லது முடி, உறைந்துபோன பழைய கிரீஸ், தேய்ந்த கார்பன் பிரஷ் என்ற வரிசையில் பாருங்கள். பழைய கிரீஸை முழுதாக எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்குக்கு ஆகும் கிரீஸைக் கடுகளவு வையுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்: மோட்டார் பத்து நிமிடத்தில் தொட முடியாத அளவு சுட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ, டிகோடர் (டிசிசி கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் சிறு சர்க்யூட்) இருக்கும் எஞ்சின் திடீரென்று செத்தாலோ, மாதிரி ரயில் பழுதுபார்த்துப் பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள். கண்ட்ரோலரின் அடாப்டர் சுட்டாலோ உறுமினாலோ அதைத் திறக்கவே வேண்டாம். 230 வோல்ட் இருக்கும் பக்கம் நம் வேலை அல்ல, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் அல்லது அடாப்டரை மாற்றுங்கள்.

## அறிகுறி 3: ஏற்றம் தொடங்கும் இடத்தில் அல்லது உச்சியில் தடம் புரள்கிறது, கப்ளிங் அவிழ்கிறது

நடுவில் நன்றாக ஓடி, இரண்டு முனைகளில் மட்டும் தகராறு என்றால் சரிவு திடீரென்று தொடங்குகிறது அல்லது திடீரென்று முடிகிறது. உச்சியில் எஞ்சினின் முன்சக்கரம் ஒரு கணம் காற்றில் தொங்கும். அங்கே லேசான வளைவு இருந்தால்கூட இறங்கும்போது தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிடும். அடிவாரத்தில் எஞ்சினின் முன் தகடு தண்டவாளத்தைத் தட்டி ஷார்ட் ஆகும். நக்கிள் கப்ளிங்குகள் (மடக்கிய விரல்கள்போலக் கோத்துக்கொள்பவை) ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நழுவிப் பிரிந்துவிடும்.

300 மி.மீ. அளவுகோலை நிமிர்த்தி விளிம்பைத் தண்டவாளத்தில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். அடிவாரத்தில் நடுவில் வெளிச்சம் தெரியும், உச்சியில் அளவுகோல் ஊஞ்சல் ஆடும். எவ்வளவு மெதுவாக வளைகிறதோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு 1 சதவீத மாற்றத்துக்கும் உங்களிடம் உள்ள மிக நீண்ட எஞ்சினின் நீளத்தையாவது கொடுங்கள். 250 மி.மீ. எஞ்சினும் 3 சதவீதச் சரிவும் என்றால், இரண்டு முனைகளிலும் 750 மி.மீ. வேண்டும்.

சரிசெய்யும் வரிசை:

1. கப்ளிங்குகளின் உயரத்தை அதற்கென்று உள்ள அளவுக்கருவியில் பாருங்கள். தொங்கும் கப்ளிங் ஒன்றிரண்டுதான் குற்றவாளி என்றால் மெல்லிய வாஷர் போட்டு வேலை முடிந்துவிடும்.
2. அடிவாரத்தில் தண்டவாளத்துக்கு அடியில் அட்டைத் துண்டுகளைப் படிப்படியாகச் செருகி வளைவை இளக்குங்கள். உச்சியில் கார்க் படுக்கையை உப்புத்தாளால் தேய்த்துக் குறைக்கலாம்.
3. பலகையே மடிந்திருந்தால், முனையிலிருந்து 600 மி.மீ. வரை திருகாணிகளைக் கழற்றிவிடுங்கள். பிளைவுட் தானாக எடுத்துக்கொள்ளும் வளைவுக்குக் கீழே கட்டையைப் பொருத்தித் திரும்ப முடுக்குங்கள். சமதளமும் சரிவும் தனித்தனிப் பலகைகளாக இருந்தால் இது நடக்காது. ஒரே பலகையாக வெட்டிப் போட வேண்டியிருக்கும்.

இந்த இளக்கல் இடத்தைத் தின்னும். இதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் திட்டத்தாளில் நடக்கும் பெரும் பிழை. 100 மி.மீ. உயரத்தை 3 சதவீதத்தில் ஏற 3.33 மீட்டர் போதும் என்று தாளில் வரும். இரண்டு முனைகளிலும் 750 மி.மீ. இளக்கினால் நிஜமாகத் தேவைப்படுவது ஏறக்குறைய 4.1 மீட்டர். அதே 3.33 மீட்டருக்குள் இளக்கலையும் அடக்கினால் நடுச்சரிவு 3.9 சதவீதமாக ஏறிவிடும். அறிகுறி 3ஐச் சரிசெய்யப்போய் அறிகுறி 1ஐ வாங்கிக்கொள்வது இப்படித்தான்.

சரிவு மாறும் இந்த இடங்களில் பாயிண்ட் (ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பிரியும் இடம்) வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள், அங்கேதான் புரள்கிறது என்றால் பாயிண்டைத்தான் நகர்த்த வேண்டும். வேறு வைத்தியம் நான் கண்டதில்லை.

## அறிகுறி 4: ஏறும்போது வளைவில் பெட்டி உள்பக்கம் சாய்ந்து விழுகிறது

எஞ்சின் மேலே இழுக்கிறது, பின்னால் உள்ள பெட்டிகளின் கனம் கீழே இழுக்கிறது. நடுவில் மாட்டிய இலேசான பெட்டி, இழுத்துப் பிடித்த கயிறு நேராவதுபோல வளைவின் உள்பக்கம் போய் விழும்.

எந்தப் பெட்டி விழுகிறது என்று கவனியுங்கள். எப்போதும் ஒரே பெட்டியா, ஒரே இடமா?

ஒரே பெட்டி. எடை பாருங்கள். வெறும் தட்டை வேகன்கள் பெரும்பாலும் எடை குறைவாகத்தான் வரும். மேலே சொன்ன எடைக்குக் கொண்டுவாருங்கள், அல்லது அதை ரயிலின் கடைசிக்குத் தள்ளுங்கள். நீண்ட பயணிகள் பெட்டியைக் குட்டை வேகனோடு நேரடியாகக் கோக்காதீர்கள். நீண்ட பெட்டியின் முனை வளைவில் வெளியே ஒதுங்கும்போது குட்டை வேகனைப் பக்கவாட்டில் இழுத்துவிடும்.

ஒரே இடம். அங்கே சிறிய ரசமட்டத்தைத் தண்டவாளங்களுக்குக் குறுக்கே வைத்துப் பாருங்கள். பலகை முறுகியிருக்கலாம். அழகுக்காக வெளித்தண்டவாளத்தை உயர்த்தியிருந்தால் அது 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஏறும் வளைவில் அந்த உயர்வே பெட்டியை உள்ளே தள்ளும். என் லேஅவுட்டில் ஏற்றங்களில் வெளித்தண்டவாளத்தை உயர்த்துவதையே விட்டுவிட்டேன்.

வெவ்வேறு பெட்டி, வெவ்வேறு இடம். ரயில் அந்த வளைவுக்கு நீளம். பெட்டிகளைக் குறையுங்கள், அல்லது பின்னால் ஓர் உந்து எஞ்சின் சேர்த்து இழுவையைப் பங்கிடுங்கள்.

## அறிகுறி 5: இறங்கும்போது எஞ்சின் வெட்டி வெட்டி ஓடுகிறது, அல்லது பாய்கிறது

ஏறும்போது அமைதியாக இருந்த எஞ்சின் இறங்கும்போது இரண்டு விநாடிக்கு ஒருமுறை வெட்டினால், மோட்டார்த் தண்டிலுள்ள திருகுப்பல் முன்னும் பின்னும் நகர்கிறது. பெட்டிகள் தள்ளும்போது அது ஒரு பக்கம் போய் இடித்துத் திரும்புகிறது.

எளிய சோதனை: எஞ்சினைத் திறந்து திருகுப்பல்லை விரல்நுனியால் நீளவாக்கில் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் இடைவெளி அதிகம். அதற்கான மெல்லிய வாஷரை ஒவ்வொன்றாகப் போட்டு, நகர்வு மயிரிழைக்கு வந்ததும் நிறுத்துங்கள். முழுதாக இறுக்கிவிட்டால் பல் சுடும். டீசல் மாடல்களில் இதை வீட்டில் செய்துவிடலாம். நீராவி எஞ்சின் மாடலில் சக்கரத்தோடு இணைந்த கம்பிகளின் ஒழுங்கு கலைந்தால் திரும்பச் சேர்ப்பது கடினம், பழகியவர் கையில் கொடுங்கள்.

வெட்டாமல் சீராகப் பாய்கிறது என்றால், டிசிசியில் டிகோடரின் பேக் ஈஎம்எஃப் (மோட்டாரின் வேகத்தை உணர்ந்து சீராக வைக்கும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். டிசியில் கையால்தான் குறைக்க வேண்டும். அதற்காகவே சரிவின் அடிவாரத்துக்கும் அடுத்த பாயிண்டுக்கும் நடுவே ஒரு ரயில் நீளம் மட்டமான பாதை விடுங்கள்.

நிறுத்திவைத்த பெட்டி தானாக உருண்டு போவதும் இதே வகை. பலகைச் சோதனையில் 2 சதவீதத்தில் உருள்கிற நல்ல பெட்டி, இன்னும் குறைந்த சரிவிலும் லேசாகத் தட்டினால் நகரும். இந்திய ரயில்வே ஸ்டேஷன் யார்டுகளுக்கு அனுமதிக்கும் சரிவு 400க்கு 1, பரிந்துரைப்பது 1200க்கு 1. முதலாவதே கால் சதவீதம்தான். நம் ஸ்டேஷன் தடங்களை ரசமட்டம் வைத்து மட்டமாகவே போட்டுவிடலாம்.

## அறிகுறி 6: பாலத்தின் அடியில் பெட்டி உரசுகிறது

கீழ்த் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து பாலத்தின் அடிவரை 75 மி.மீ.யாவது வேண்டும். மின்கம்பி போட்டிருந்தால் பான்டோகிராஃப் (கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும், எஞ்சின் மேலுள்ள கை) உயர்ந்த நிலையில் அளக்க வேண்டும். பாலத்துக்கு நேர் கீழே சரிவு மாறினால் நீண்ட பெட்டியின் நடுப்பகுதியோ முனையோ கூடுதலாக உயரும், அதனால் உங்களிடம் உள்ள நீண்ட பெட்டியையே வைத்து அளங்கள். இரண்டு மூன்று மி.மீ. போதவில்லை என்றால் பாலத்தின் 12 மி.மீ. பலகையை எடுத்துவிட்டு மெல்லிய உலோகத் தகடு போடுவது, ஏற்றம் முழுவதையும் உயர்த்துவதைவிட எளிது.

## அறிகுறி 7: போன மாதம் வரை ஏறியது, இப்போது ஏறவில்லை

எதையும் தொடவில்லை, ஆனால் கோளாறு வந்துவிட்டது. முதலில் அறிகுறி 1இன் சுத்தம் செய்யும் வேலை. பிறகு திரும்பவும் 300 மி.மீ. அளவுகோல்.

மழைக்காலத்தில் மரம் ஈரம் இழுத்து உப்பும், கோடையில் சுருங்கும். தாங்கு கட்டைகள் தள்ளித் தள்ளி இருந்தால் 12 மி.மீ. பிளைவுட்கூட இடையில் தொய்யும். தொய்வு இரண்டு மி.மீ.தான் என்றாலும், அதிலிருந்து மேலே ஏறும் பக்கத்தில் சரிவு கூடிவிடும். 400 மி.மீ.க்கு ஒரு கட்டை இருந்தால் இது வராது. தொய்ந்த இடத்தில் புதுக் கட்டையை அடியில் கொடுத்து, ரசமட்டம் பார்த்துக்கொண்டே ஆப்பு தட்டி ஏற்றுங்கள். வெட்டிய விளிம்புகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்தால் ஈரம் ஏறுவது குறையும். மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்துவிட்டு அடிப்பக்கத்தை அப்படியே விடுவது எல்லாரும் செய்வது. ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான்.

சித்திரை வெயிலில் வேறு கோளாறு. ஐந்து மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி சூடு கூடினால் ஒன்றரை மி.மீ.க்கு மேல் நீளும். இடைவெளி விடாமல் எல்லா ஜாயினரையும் பற்றவைத்திருந்தால் போக இடமில்லாமல் பக்கவாட்டில் நெளியும், அல்லது மேலே எழும்பும். நெளிந்த இடத்துக்கு அருகே மெல்லிய ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு 1 மி.மீ. வழி விடுங்கள். வெட்டின் இரண்டு பக்கமும் தனித்தனி ஒயர் இருக்க வேண்டும்.

எங்கே நிறுத்த வேண்டும்: கட்டையைத் தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தாலோ, காலடியில் மரத்தூள் கிடந்தாலோ கரையான் அல்லது வண்டு. மேலே உள்ள எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முதலில் தச்சரையும் பூச்சி மருந்து அடிப்பவரையும் கூப்பிடுங்கள். மேசைக் கால்களே சாய்ந்திருந்தாலும் தச்சர் வேலைதான்.

## எதுவும் பலிக்கவில்லை: சரிவையே மாற்ற வேண்டிய கட்டம்

அளந்த சரிவும் வளைவுக்குக் கூட்டியதும் சேர்ந்து 4 சதவீதத்தைத் தாண்டி, உங்களுக்கு வேண்டிய ரயில் எட்டுப் பத்துப் பெட்டிக்கு மேல் என்றால், சில்லறை வைத்தியங்களில் இனி நேரம் போட வேண்டாம்.

இந்த இடத்தில் எல்லாரும் கேட்பது: "ஊட்டி ரயில் இதைவிடச் செங்குத்தா ஏறுதே?" ஏறுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12.5க்கு 1, அதாவது 8 சதவீதம். ஆனால் அங்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பல்பட்டை பதித்திருக்கிறது, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பிடித்துத்தான் ஏறுகிறது. பல்பட்டை உள்ள மாதிரி எஞ்சின்களும் கிடைக்கின்றன. அது தனி லேஅவுட், நம் சாதாரண எஞ்சினை அந்தச் சரிவில் ஏற்ற முடியாது.

செலவு குறைந்ததிலிருந்து வரிசை:

மேல் பாதையை ஏற்றும்போதே கீழ்ப் பாதையை இறக்குவது. 100 மி.மீ. வித்தியாசம் முழுவதையும் ஒரே பாதை சுமக்க வேண்டியதில்லை. ஒன்று 50 ஏறி மற்றது 50 இறங்கினால், 2 சதவீதத்தில் 5 மீட்டர் கேட்ட ஏற்றம் 2.5 மீட்டரில் முடியும். முனைகளின் இளக்கலைத் தனியே கூட்டிக்கொள்ளுங்கள். மேசையின் சட்டம் திறந்த அமைப்பாக இருந்தால்தான் இது முடியும். முழுப் பலகை பரப்பியிருந்தால் பலகையை அறுத்துக் கீழே தழைக்க வேண்டிவரும்.

ஏற்றத்தை முன்கூட்டியே தொடங்குவது. ஸ்டேஷன் முடிந்த உடனே இல்லாமல், அறையின் வேறு சுவரிலிருந்தே ஒன்று ஒன்றரை சதவீதத்தில் ஏறிவருவது. பார்க்கவும் இயல்பாக இருக்கும்.

வளைவின் ஆரத்தைக் கூட்டுவது, அல்லது வளைவில் மட்டும் சரிவைக் குறைப்பது. 457 மி.மீ.யிலிருந்து 600க்குப் போனால் ஏறக்குறைய அரை சதவீதம் மிச்சம். பெரிய ரயில்வேக்களிலும் வளைவில் சரிவைக் குறைத்துத்தான் போடுகிறார்கள்.

ஹெலிக்ஸ், அதாவது திருகுபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி ஏறும் பாதை. எல்லாவற்றிலும் செலவு அதிகம். 600 மி.மீ. ஆரத்தில் ஒரு சுற்று 3.77 மீட்டர். சுற்றுக்கு 100 மி.மீ. ஏறினால் 2.65 சதவீதம், வளைவையும் கூட்டினால் 4. அதைவிடச் சிறிய ஆரத்தில் எச்ஓ ஹெலிக்ஸ் போடும் யோசனையோடு வருகிறவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். இரட்டைத் தடம் என்றால் ஏறும் ரயிலுக்கு வெளித்தடத்தைக் கொடுங்கள், ஆரமும் கூடும், சரிவும் குறையும். ஹெலிக்ஸை அடுக்கும் வேலைக்கு, மட்டம் தெரிந்த தச்சர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது கூலிக்கு மேல் பயன் தரும். ஒரு சுற்றில் விழும் 2 மி.மீ. பிழை மேலே போகப் போகக் கூடிக்கொண்டே போகும்.

எந்த வழியை எடுத்தாலும் பசையும் திருகாணியும் கடைசியில். முதலில் பலகையைக் கிளாம்ப் போட்டு மட்டும் நிறுத்துங்கள். தண்டவாளத்தைச் சும்மா மேலே வைத்து, குண்டூசியால் பிடித்து, இரண்டு ஒயரைக் கொடுங்கள். உங்களிடம் உள்ள மிக நீளமான ரயிலை ஏற்றத்தின் நடுவே நிறுத்தி, அங்கிருந்தே திரும்பக் கிளப்புங்கள். பத்து முறை வழுக்காமல் கிளம்பினால் கிளாம்பைக் கழற்றித் திருகாணியை எடுக்கலாம். ஒருமுறை வழுக்கினாலும் கிளாம்பைத் தளர்த்தி, மேல் முனையை 5 மி.மீ. இறக்கி, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.